விழித்திரை விலகல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு: நீலகிரி மக்கள் கேட்கும் கேள்விகள்

விழித்திரை விலகலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நீலகிரியிலிருந்து பலரும் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். கொடைக்கானல் பக்கத்தவர்கள் மதுரைக்குப் போகிறார்கள். அறுவை முடிந்ததும் அவர்கள் கேட்பவை இரண்டு: பார்வை எவ்வளவு திரும்பும், வீட்டுக்கு எப்போது திரும்பலாம். சமவெளியில் குடியிருப்பவருக்கு இரண்டாவது கேள்வி ஒரு பொருட்டே அல்ல. மலையில் வீடு உள்ளவருக்கோ, அந்தக் கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால், ஒட்டவைத்த கண்ணின் பார்வையே ஒரு பேருந்துப் பயணத்தில் போய்விடக்கூடும். அதனால்தான் இரண்டையும் இங்கே சேர்த்து விளக்குகிறோம். உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவரின் சொல்லே உங்களுக்கு முடிவானது. அவரிடம் எதைக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும் என்பதற்கே இந்த விளக்கங்கள்.

விழித்திரை நன்றாக ஒட்டிவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். ஆனாலும் பார்வை மங்கலாகவே இருக்கிறதே, ஏன்?

விழித்திரை ஒட்டுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள், தமக்கு வேண்டிய பிராணவாயுவையும் ஊட்டத்தையும் பின்னால் உள்ள ரத்தநாளப் படலத்திலிருந்துதான் பெரும்பாலும் பெறுகின்றன. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆகச் சுருங்கி, சிலருக்கு விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிசல் வழியாக நீர் பின்புறம் புகுந்து, விழித்திரையை அதன் படலத்திலிருந்து பிரிக்கிறது. பிரிந்த நேரம் முதல் அந்தச் செல்களுக்கு ஊட்டம் குறைந்துபோகிறது. அறுவை சிகிச்சை கிழிசலை மூடி, விழித்திரையைப் பழைய இடத்தில் படியவைக்கிறது. நலிந்த செல்கள் அதன்பின் மெல்லத் தேறும். இறந்துபோன செல்கள் மீள்வதில்லை.

கிழிசலை அடைத்தால்தான் விழித்திரை ஒட்டும் என்பதை 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனன் நிறுவும் வரை, இந்த நோய் வந்த கண் பெரும்பாலும் பார்வையை இழந்தே போனது. 1970களில் ராபர்ட் மாக்கிமர் விட்ரெக்டமி என்னும் முறையை, அதாவது கண்ணின் உள்ளிருக்கும் கூழை நுண்கருவியால் அகற்றும் முறையை, நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று முதல் அறுவையிலேயே 100 பேரில் ஏறத்தாழ 85 முதல் 90 பேருக்கு விழித்திரை ஒட்டிவிடுகிறது. தேவைப்படுவோருக்கு மறுபடியும் அறுவை செய்தால் அது 95-ஐத் தாண்டும். இந்த எண்ணைக் கேட்ட குடும்பத்தார், பார்வையும் 90 சதவீதம் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் ஒட்டுவதைப் பற்றியது மட்டுமே.

அப்படியானால் யாருக்கு எவ்வளவு பார்வை திரும்பும்?

இதைத் தீர்மானிப்பது, அறுவைக்கு முன் மாக்குலா விலகியிருந்ததா இல்லையா என்பதே. மாக்குலா என்பது விழித்திரையின் நடுவே உள்ள சிறு பகுதி. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. மாக்குலா விலகும் முன்பே அறுவை நடந்துவிட்டால், பெரும்பாலானோருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை நிலைக்கிறது. 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டரில் படிக்கிறது என்று பொருள். மாக்குலா விலகிய பிறகு அறுவை நடந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே அந்த அளவை எட்டுகிறார்கள். மற்றவர்களுக்குப் பார்வை அதற்குக் கீழே நின்றுவிடும்.

மாக்குலா விலகி எத்தனை நாள் ஆயிற்று என்பது அடுத்தது. இரண்டு மூன்று நாள்களுக்குள் ஒட்டவைக்கப்பட்ட கண்ணும், ஒரு வாரம் கழித்து ஒட்டவைக்கப்பட்ட கண்ணும் ஒன்றுபோல் தேறுவதில்லை. மாதக்கணக்கில் விலகியே கிடந்த கண்ணுக்கு நடமாடப் போதுமான பார்வை கிடைத்தாலே நல்ல பலன் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும். அறுவைக்கு முன் இருந்த பார்வை, நோயாளியின் வயது, கண்ணின் மற்ற நோய்கள் ஆகியவையும் சேர்ந்தே கணக்கில் வரும்.

மலையில் நேரம் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான். கண்ணோரம் மின்னல் போல ஒளி வெட்டுவதையும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுவதையும் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து நிழல் ஏறும்போது, வலி இல்லாததால், சந்தை நாள் கழியட்டும், சம்பள நாள் கழியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். நிழல் கீழிருந்து மேலாக ஏறினால், விழித்திரையின் மேற்பகுதி விலகியிருக்கிறது என்று அறியலாம். அந்த வகைதான் மாக்குலாவை நோக்கி விரைவாக இறங்கும். அதற்கு மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பார்வை தேற எவ்வளவு காலம் ஆகும்?

முதல் சில வாரங்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். விழித்திரையை அழுத்திப் பிடிக்க அறுவையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், கை அசைவது மட்டுமே தெரியும். அது வாயுவின் விளைவே. வாயு கரைந்த பிறகுதான் உண்மையான பார்வையைச் சோதிக்க முடியும். பெரும்பகுதி முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் கிடைக்கிறது. மாக்குலா விலகியிருந்த கண்கள் ஓராண்டு வரையிலும், சில கண்கள் அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகத் தேறிக்கொண்டே போவதும் உண்டு. ஆகவே புதுக் கண்ணாடியை அவசரப்பட்டு வாங்குவது வீண் செலவு. கண்ணின் அளவு நிலைப்பட்டது என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

கண்ணில் கேஸ் வைத்திருக்கிறார்கள். ஊட்டிக்கு எப்போது ஏறலாம்?

கேஸ் முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஏறக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

விட்ரெக்டமி முடிந்ததும், விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க, கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை நிரப்புகிறார்கள். வெறும் காற்றாக இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரைந்துவிடும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு ஏறத்தாழ இரண்டு வாரம் நிற்கும். பெர்ஃபுளோரோபுரொப்பேன் ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், உதகமண்டலம் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். உயரம் கூடக்கூடச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வாயு விரிவடையும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் பாயில் விதி. கோயம்புத்தூரில் வைத்த குமிழ் ஊட்டியை எட்டும்போது நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக முயலும். கண்ணின் சுவரோ அந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்காது. விளைவாகக் கண்ணின் உள்ளழுத்தம் கிடுகிடுவென உயர்ந்து, விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் நடுத் தமனியை நெரிக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் ரத்த ஓட்டம் நின்றுவிட்டால், அந்த விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தும் பயன் இல்லாமல் போகும். விமானப் பயணத்துக்கும் இதே காரணத்தால்தான் தடை. ஆனால் விமானத்தில் ஏறக் கூடாது என்று சொன்னால் கேட்டுக்கொள்பவர்கள், மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறுவதை அதோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை. நோயாளியின் ஊர் மலையில் இருக்கிறது என்பது அவசரத்தில் மருத்துவமனை ஊழியரின் கவனத்துக்கும் வராமல் போகலாம். அறுவைக்கு முன்பே, நாங்கள் குன்னூர், நாங்கள் கோத்தகிரி என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அதற்கேற்பக் குறைந்த நாள் நிற்கும் வாயுவையோ, வாயுவுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்கும் சிலிக்கான் எண்ணெயையோ, வாயு தேவைப்படாத வேறு முறையையோ மருத்துவர் யோசிக்க இடம் இருக்கும். எல்லாக் கண்ணுக்கும் அது பொருந்தாது.

குமிழ் இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்பதை நீங்களே ஓரளவு அறியலாம். குமிழ் சுருங்கத் தொடங்கியதும், பார்வையின் மேற்பகுதியில் தெளிவான ஒரு பட்டையும் அதற்குக் கீழே ஆடும் ஒரு கோடும் தெரியும். தலையைச் சாய்த்தால் அந்தக் கோடு சாயாமல், கொத்தனாரின் ரசமட்டம் போலக் கிடைமட்டமாகவே நிற்கும். நாள் ஆக ஆகக் கோடு கீழே இறங்கி, கடைசியில் பார்வையின் அடியில் உருளும் சிறு வட்டமாகி மறையும். வட்டம் மறைந்ததாக உங்களுக்குத் தோன்றினாலும், மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்த பிறகே பயணப்படுங்கள்.

தெரியாமல் ஏறத் தொடங்கி, பர்லியாரைத் தாண்டும்போது கண்ணில் வலியோ, குமட்டலோ, பார்வை திடீரென இருளுவதோ ஏற்பட்டால், மேலே போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அங்கேயே இறங்கி, கிடைக்கும் வண்டியில் கீழே திரும்புவதுதான் முதல் சிகிச்சை. அங்கிருந்தே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நேரே அங்கே செல்லுங்கள்.

எங்கள் ஊர் கூடலூர். அது அவ்வளவு உயரம் இல்லையே, போகலாமா?

கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வழக்கமாகப் போகும் சாலை ஊட்டி வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. ஆபத்து அந்த நடுவழியில் இருக்கிறது. பாலக்காடு, நிலம்பூர், நாடுகாணி வழியாகச் சுற்றிப் போனால் ஊட்டியின் உயரத்தைத் தவிர்க்கலாம் என்றாலும், 1,000 மீட்டரும் பெரிய குமிழ் உள்ள கண்ணுக்குக் கூடுதல்தான். குமிழ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்து மருத்துவர் சம்மதித்தால் மட்டும் அந்தச் சுற்றுவழியில் போகலாம்.

கேஸ் கரையும் வரை எங்கே தங்குவது? வேலையும் வீடும் மேலே இருக்கிறதே?

இது நியாயமான கவலை. இதற்கு எளிய விடை இல்லை. இரண்டு மாதம் சமவெளியில் தங்குவது தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பெரிய பாரம். மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ உறவினர் வீடு இருந்தால், அதை அறுவைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவமனையின் நோயாளர் ஆலோசனைப் பிரிவில் குறைந்த வாடகையில் தங்கும் வசதி பற்றியும், காப்பீட்டு அட்டை பற்றியும் அனுமதியாகும் நாளிலேயே கேளுங்கள். தங்க இடமே இல்லையென்றால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சை முறையைத் தேர்வதற்கான ஒரு காரணமே. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேஸ் இருக்கும்போது வேறு ஏதேனும் எச்சரிக்கை உண்டா?

உண்டு. வேறு விபத்துக்கோ, பல் சிகிச்சைக்கோ மயக்க மருந்து தர நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற மயக்க வாயு குமிழுக்குள் புகுந்து அதைச் சட்டென்று பெரிதாக்கிவிடும். மருத்துவமனையில் கையில் கட்டிவிட்ட பட்டையையோ தந்த அட்டையையோ, குமிழ் கரையும் வரை கழற்றாமலும் தொலைக்காமலும் வைத்திருங்கள்.

எனக்குக் கண்ணில் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். நானும் மலை ஏறக் கூடாதா?

நீங்கள் ஏறலாம். சிலிக்கான் எண்ணெய் நீர்மம். உயரத்தால் அது விரிவதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் எது வைக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். கேஸா, எண்ணெயா என்று படித்துக் காட்டச் சொல்லி, வீட்டில் ஒருவராவது அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெயின் சிக்கல்கள் வேறு வகையானவை. அது தானாகக் கரையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் இன்னொரு அறுவையால் எடுக்க வேண்டும். எண்ணெய் இருக்கும் வரை கண்ணாடியின் அளவு வெகுவாக மாறியிருக்கும் என்பதால், அப்போதைய பார்வையை இறுதியானது என்று நினைக்க வேண்டாம். நெடுநாள் விட்டுவைத்தால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, கண் நீர் அழுத்த நோயையும் கருவிழி மங்கலையும் உண்டாக்கும். வலி இல்லை, பார்வை தெரிகிறது என்று எண்ணெயை எடுக்கும் தேதியை ஆண்டுக்கணக்கில் தவறவிட்டு, நல்லபடியாக ஒட்டிய கண்ணை அழுத்த நோயில் இழப்பது மிகவும் வருத்தத்துக்குரியது. சில கண்களில், எண்ணெயை எடுத்தால் மீண்டும் விலகிவிடும் என்பதால், மருத்துவரே அதை விட்டுவைப்பார். அவர்களும் அழுத்தப் பரிசோதனையை விடக் கூடாது.

கவிழ்ந்து படுப்பது அவ்வளவு அவசியமா?

குமிழ் எப்போதும் மேல்நோக்கியே மிதக்கும். கிழிசல் இருக்கும் இடம் மேலே வரும்படி தலையை வைத்தால்தான் குமிழ் அதை அழுத்திப் பிடிக்கும். ஆகவே சிலருக்குக் கவிழ்ந்தும், சிலருக்கு ஒருபக்கமாகவும் இருக்கச் சொல்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. வாயு உள்ள வரை மல்லாந்து படுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கதவு நிலை, கம்பி எல்லாம் வளைந்து தெரிகின்றன. இது சரியாகிவிடுமா?

மாக்குலா விலகி ஒட்டிய பலருக்கு இப்படித் தெரிகிறது. விழித்திரை பழைய இடத்தில் இம்மியும் பிசகாமல் படியாததும், செல்களின் அடுக்கு கலைந்திருப்பதும் இதற்குக் காரணம். அட்டையில் எழுத்துகளைப் படித்து 6/9 வாங்கியவர்கூட, வீட்டுக்கு வந்ததும் தேயிலை வரிசைகள் நடுவில் நெளிந்து தெரிகின்றன, மனைவியின் முகம் ஒரு கண்ணில் சிறிதாகத் தெரிகிறது என்று முறையிடுவார். தேயிலை பறிக்கும் பெண் ஒருவருக்கு, இரு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கிறதென்று கண் காட்டுகிறதோ அதற்கு அரை விரல் தள்ளிக் கை போய் வெறுமையைப் பிடிக்கிறது. தினசரி எடை குறைகிறது. மேஸ்திரிக்கு அது சோம்பலாகத் தெரியலாம். அட்டையில் வரும் எண் இந்தத் துன்பத்தை அளப்பதில்லை. அதனால் பரிசோதனையின்போது இதை நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெளிவு பல மாதங்களில் குறையும்; சிலருக்கு முழுவதும் போகாது. ஆனால் குறைந்துவந்த நெளிவு மீண்டும் கூடினால், விழித்திரையின் மேல் மெல்லிய சவ்வு வளர்கிறதா, மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஓராண்டு நன்றாகத் தெரிந்தது, இப்போது மறுபடி மங்குகிறது. விழித்திரை மீண்டும் கழன்றுவிட்டதா?

விட்ரெக்டமி செய்த 50 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டாண்டுக்குள் கண்புரை முற்றுகிறது. மெல்ல மெல்ல, புகைபோல மங்கினால் அது புரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புரையை எடுத்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். நிழல் போல ஓரத்திலிருந்து மறைத்தால்தான் மறுவிலகலைச் சந்தேகிக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பரிசோதனை வேண்டும்.

மறுவிலகல் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நேர்கிறது. விழித்திரையின் மேலும் கீழும் தழும்புச் சவ்வு வளர்ந்து அதைச் சுருக்கி இழுப்பதே முக்கியக் காரணம். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது ஏற்படுகிறது. முதல் மூன்று மாதப் பரிசோதனைத் தேதிகளை மழையோ திருவிழாவோ காரணமாகத் தள்ளிப்போடாதீர்கள் என்று வேண்டுவது இதனால்தான். மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டால், மருத்துவமனைக்கு அழைத்து வேறு தேதி பெற்றுக்கொள்ளுங்கள்.

பக்கிள் போட்டவர்களுக்கு என்ன மாற்றம் வரும்?

கண்ணின் வெளிப்புறத்தில் சிலிக்கான் பட்டையைத் தைத்து, கிழிசல் உள்ள இடத்தை உள்நோக்கி அழுத்துவதே பக்கிள் முறை. இளம் வயதினருக்கு இது மிகவும் ஏற்றது. பட்டை கண்ணைச் சற்று நீளமாக்குவதால் கிட்டப்பார்வை கூடும். கண்ணாடி மாற்றினால் போதும். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் அது சரியாகும், நீடித்தால் பிரிசம் கண்ணாடியோ தசை அறுவையோ உதவும். கூடவே வாயு வைத்திருந்தால் மேலே சொன்ன மலைத் தடை இவர்களுக்கும் பொருந்தும்.

தோட்ட வேலைக்கும் வண்டி ஓட்டவும் எப்போது திரும்பலாம்?

வாயு கரையும் வரை இரண்டும் கூடாது. பிறகும், கவாத்துக் கத்தி பிடிப்பது, விறகு பிளப்பது, மூட்டை சுமப்பது ஆகியவற்றுக்கு மருத்துவரின் அனுமதி தேவை. ஒரு கண் மங்கியவருக்குச் சரிவில் அடுத்த அடி எவ்வளவு ஆழம் என்று கணிப்பது கடினம். முதலில் நல்ல வெளிச்சத்தில், பழகிய பாதையில், கோலுடன் நடந்து பழகட்டும்.

ஓட்டுநர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒட்டிய கண்ணில் கருமை வெண்மை வேறுபாட்டை உணரும் திறன் குறைந்திருக்கலாம். தெளிந்த வெயிலில் அது தெரியாது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பனிமூட்டம் இறங்கும்போதுதான் எதிரே வரும் வண்டி வழக்கத்தைவிடத் தாமதமாகக் கண்ணுக்குப் படும். கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டியின் தூரத்தைக் கணிக்க இரு கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர்கள், எழுத்து அட்டைச் சோதனையோடு நிற்காமல், ஆழப்பார்வையையும் பக்கப்பார்வையையும் சோதித்துக்கொண்ட பிறகே திரும்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு கண்ணுக்கும் வருமா?

ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரக்கூடும். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் பிறருக்கு வந்திருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் நல்ல கண்ணுக்கும் பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டும். அங்கே கிழிசல் தென்பட்டால் லேசரால் சுற்றி அடைத்துவிடலாம். கிழிசலாக இருக்கும்போதே அடைத்தால் வாயுவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றைக்கே வீடு திரும்பலாம். வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எதிர்ச்சுவரின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு மூலை மறைந்திருந்தாலோ, புதிதாக ஒளி வெட்டினாலோ, அன்றே கிடைக்கும் முதல் வண்டியில் கீழே இறங்குங்கள். அறுவைக்கு முன் மலையிறங்குவதால் கண்ணுக்கு எந்தத் தீங்கும் இல்லை.